வெள்ளைக்கழிச்சலும் ஒரு சொட்டு மருந்தும்

வங்கி வேலையில் ஓய்வு பெற்று தோட்டத்துக்கு வந்த இரண்டாவது வருஷம். மாசி மாசம் சந்தையில் நான்கு பெட்டைகள் வாங்கி வந்து, நேராக என் கோழிகளோடு கூண்டில் அடைத்தேன். ஒரு வாரத்தில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. பிறகு பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். சிலதுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. நாற்பதில் ஒன்பதுதான் மிஞ்சியது.

பக்கத்துத் தோட்டத்து அம்மா வந்து பார்த்துவிட்டு, "சந்தைக் கோழிய ரெண்டு வாரமாச்சும் தனியாப் போட்டு வைக்கோணுங்க சார். கண்ணுல மருந்தாச்சும் உட்டீங்களா?" என்று கேட்டார். விடவில்லை. கீழாநெல்லி, மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இயற்கை விவசாயிக்குத் தடுப்பு மருந்து எதற்கு என்ற வீம்புதான். அங்ககச் சான்று விதிகளே தடுப்பூசியை அனுமதிக்கின்றன என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மூலிகை உருண்டையை இன்றும் கொடுக்கிறேன், தீனி எடுக்க நல்லது. ஆனால் இந்த நச்சுயிரியை அடையாளம் கண்டு அடிக்கும் எதிர்ப்புப் பொருளை அது உண்டாக்காது.

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்வதுதான் ராணிக்கெட் நோய். இமயமலைப் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. கழிச்சல் என்று பேர் வைத்துவிட்டோமே தவிர, மூச்சுக்குழாயையும் நரம்பையும் சேர்த்தே தாக்கும்.

தடுப்பு மருந்து போட்ட தாய்க்கோழி, மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு எதிர்ப்பு சக்தியைக் கொடுத்தனுப்புகிறது. என் பழைய பாஷையில் சொன்னால், தாய் போட்டுவிட்ட வைப்புத்தொகை. ஐந்து நாளைக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகி, மூன்று நான்கு வாரத்தில் கணக்கு காலி. அதற்குள் குஞ்சு தன் கணக்கைத் தொடங்க வேண்டும். இதில் ஒரு சிக்கல்: தாயின் இருப்பு அதிகமாக இருக்கும்போது மருந்து கொடுத்தால், மருந்தையே அது முறித்துவிடும். ஏழாம் நாள் லசோட்டா மருந்தைக் கண்ணில் சொட்டு விடுவது இதனால்தான். கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் என்றொரு சுரப்பி இருக்கிறது. சொட்டு பட்டதும் அங்கேயே, மூக்கிலும் மூச்சுப்பாதையிலும் காவல் உண்டாகிறது. ரத்தத்தில் இருக்கும் தாயின் பங்கு அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. நான்காவது வாரம் மறுபடியும் லசோட்டா. எட்டாவது வாரம் ஆர்.2.பி. ஊசி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே. ஊசி மருந்து கொஞ்சம் வீரியமானது, சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அதுவே நோயாகிவிடும்.

இது உயிருள்ள மருந்து. வெயிலில் பையில் போட்டுக் கொண்டுவந்தால் வெறும் தண்ணீர்தான். பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வாங்கி வந்து, கரைத்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சொட்டு விட்டதும் குஞ்சைக் கீழே விடாமல், அது கண் சிமிட்டும் வரை பிடித்திருங்கள். குடிநீரில் கலக்குவதானால் குளோரின் போட்ட தண்ணீர் ஆகாது, கிணற்றுத் தண்ணீர் நல்லது. சோர்ந்த கோழிக்கு மருந்து வேண்டாம். மருந்து விட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் வரும். எனக்கிருப்பது முப்பது. அதனால் எங்கள் வளவில் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஒரே நாள் விடிகாலையில் சொட்டு விட்டு முடிக்கிறோம். கோடைக்கு முன்னால் பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை முகாம் போடும்போது பெரிய கோழிகளையும் பிடித்துக்கொண்டு போகிறோம். பிளாஸ்க் தூக்குவது என் பொறுப்பு.