மதுரையும் மகாத்மாவும்



இம்மலரில் ஆன்மிகக் கட்டுரை ஒன்று எழுதும்படி ஆலய நிர்வாகக் குழுவினர் கேட்டுக் கொண்டனர். வழிபாட்டைப் பற்றி நாம் அறிய வேண்டிய பாடம் ஒன்று, அண்ணல் காந்தியடிகளுக்கும் மதுரை மாநகருக்கும் இருந்த உறவில் அடங்கியுள்ளது.

காந்தியடிகள் மதுரைக்கு ஐந்து முறை வந்தார். முதல் வருகை 1919இல். இரண்டாவது வருகை 1921 செப்டம்பரில். சென்னையிலிருந்து ரயிலில் வரும்போது, கதர் அணியாத சிலரை ஏன் என்று கேட்டார். கதர் வாங்க வசதியில்லை என்றார்கள். அந்தப் பதில் அவர் உள்ளத்தைத் தைத்தது. மேலமாசி வீதியில் ஒரு குஜராத்தி அன்பரின் வீட்டு மாடியில் தங்கியிருந்தவர், செப்டம்பர் 22ஆம் நாள் சட்டையையும் தொப்பியையும் துறந்து, முழங்கால் அளவு வேட்டியுடன் வெளியே வந்தார். 1931இல் லண்டனில் மன்னரைச் சந்தித்தபோதும் அந்தக் கோலத்தை அவர் மாற்றவில்லை.

ஆசிரியராக இருந்த காலத்தில் இதை நான் வகுப்பில் சொல்வதுண்டு. "குளிராதா சார்?" என்று கேமரன் மலைப் பிள்ளைகள் கேட்பார்கள். நம் குளிருக்கு அது நியாயமான கேள்விதானே!

1927இலும் 1934இலும் அவர் மீண்டும் மதுரைக்கு வந்தார். ஆனால் மீனாட்சியம்மன் சந்நிதிக்குச் செல்லவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறக்காத கோயிலுக்குள் தாமும் போவதில்லை என்பது அவருடைய உறுதி.

அந்தக் கதவைத் திறக்கப் பாடுபட்டவர் மதுரை வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர். 1939 ஜூலை 8ஆம் நாள், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் வகுப்பினர் ஒருவரையும் அவர் ஆலயத்துக்குள் அழைத்துச் சென்றார். ஆலய நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். பட்டர்களில் சிலர் பூஜை செய்ய மறுத்தார்கள். முதலமைச்சர் ராஜாஜி அவசரச் சட்டம் கொண்டுவந்து பாதுகாப்பளித்தார். அவ்வாண்டே அது நிரந்தரச் சட்டமாயிற்று. அன்று உள்ளே சென்ற கக்கன் பிற்காலத்தில் சென்னை மாநில அமைச்சரானார்.

1946 பிப்ரவரியில்தான் காந்தியடிகள் அங்கயற்கண்ணி அம்மையைத் தரிசித்தார். முதல் வருகைக்கும் அந்தத் தரிசனத்துக்கும் இடையே 27 ஆண்டுகள்! 1948 ஜனவரி 30 அன்று அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த துணி இன்றும் மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் உள்ளது. ராணி மங்கம்மாள் அரண்மனையில் அமைந்த அந்த அருங்காட்சியகத்தை 1959இல் பண்டித நேரு திறந்து வைத்தார். எளிய கோலம் பூண்ட ஊரிலேயே அவருடைய இறுதி ஆடையும் தங்கிவிட்டது.

இதில் நமக்கென்ன பாடம்? தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் கோயிலைக் கொண்டுவந்தார்கள்; கூடவே சாதியையும் கொண்டுவந்தார்கள். சாதி வாரியாகத் தனித்தனி லயங்கள் இருந்த காலமும் உண்டு. இன்று அப்படியில்லை என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யாருக்குப் பரிவட்டம் என்ற பேச்சு வரும்போது பழைய கணக்கு தலைகாட்டுகிறது. சாதி போன இடத்தில் பணம் வந்து உட்காருவதும் உண்டு. அதுவும் ஒரு பூட்டிய கதவே.

உபயகாரர்கள் மனம் வருந்த வேண்டாம். உங்கள் கொடையால்தான் இவ்வாலயத்தில் விளக்கெரிகிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள்: வரும் திருவிழாவின் முதல் பரிவட்டத்தை, நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு பாட்டிக்குக் கட்டுவோம். அன்னதானத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்வோம். குழுக் கூட்டத்தில் இதை முன்மொழிய இருக்கிறேன்; உங்கள் ஆதரவை நாடுகிறேன்.

எல்லோரும் உள்ளே வந்த பின்பே தாமும் வருவேன் என்று அந்தப் பெரியவர் காத்திருந்தார். நாமும் எல்லோரையும் முன்னே விட்டு, பின்னே நின்று கும்பிடப் பழகுவோம்.

அம்பாள் அருள் அனைவருக்கும் கிடைப்பதாக!