காவல் கோழி

நவாபூர் மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள ஊர். அங்கே கோழிப் பண்ணைகள் அதிகம். 2006 பிப்ரவரியில் பண்ணைக் கோழிகள் கும்பல் கும்பலாகச் செத்தன. வெள்ளைக்கழிச்சல் என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். போபால் ஆய்வுக்கூடம் மாதிரிகளைச் சோதித்தது. வந்திருந்தது பறவைக் காய்ச்சல். இந்தியாவில் அதுதான் முதல் தடவை.

இரண்டு நோயும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் வெள்ளைக்கழிச்சலுக்குப் போட்ட ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது.

பறவைக் காய்ச்சலுக்கும் ஊசி உண்டு. சில நாடுகளில் போடுகிறார்கள். பிரான்சில் 2023 அக்டோபர் முதல் வாத்துகளுக்குப் போடுகிறார்கள். ஊசி போட்டால் பறவை சாகாது. ஆனால் கிருமி உள்ளே நுழையலாம். பறவை தெம்பாக இரை தின்னும். அதன் எச்சத்தில் கிருமி வெளியே வரும். நோய் இருப்பதே தெரியாது. சந்தைக்கும் போய்விடும்.

இரத்தத்தைச் சோதித்தால் தெரியாதா? அங்கேதான் சிக்கல். கிருமி நுழைந்தால் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். திருடன் வந்து போன காலடித் தடம் மாதிரி. ஊசி போட்டாலும் அதே தடம் விழும். எது திருடன் தடம், எது ஊசியின் தடம்?

இத்தாலி நாட்டில் 2000ஆம் ஆண்டில் ஒரு வழி செய்தார்கள். கிருமியின் மேல் எச், என் என்று இரண்டு வகை முட்கள் உண்டு. அங்கே பரவிய கிருமி எச்7என்1. ஊசியில் போட்டதோ செத்த எச்7என்3 கிருமி. வலது கால் ஒன்றுதான், இடது கால் வேறு. இரத்தத்தில் என்1 தடம் இருந்தால் உண்மையான கிருமி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதைவிட எளிய வழி காவல் கோழி. கொட்டகையில் சில கோழிகளுக்கு மட்டும் ஊசி போடுவதில்லை. அவற்றின் காலில் வளையம் மாட்டி, மற்றவற்றோடு கலந்து விடுவார்கள். நோய் நுழைந்தால் இவைதான் முதலில் சுருண்டு விழும். விழாவிட்டாலும் இவற்றின் இரத்தத்தில் தடம் இருக்கும். அந்தத் தடம் ஊசியால் வந்திருக்க முடியாது. காவல் கோழி செத்ததும் வேறு கோழிக்கு வளையம் மாட்டி மறைத்தால் எல்லாம் வீண்.

கிருமியையே நேராகவும் தேடலாம். தொண்டையிலும் எச்சம் வரும் துவாரத்திலும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்து அனுப்புவார்கள். செத்த பறவையிலும் எடுக்கலாம்.

இந்தியாவில் நோய் வந்த இடத்தில் கோழிகளைக் கொன்று புதைக்கிறார்கள். கொல்லும் கோழிக்கு அரசு இழப்பீடு தருகிறது. தானாகச் செத்ததற்குக் கிடையாது. சொல்லத் தாமதித்தால் பணமும் போகும்.

நோய் மனிதருக்கும் அபூர்வமாக வரும். 2021இல் அரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் இதனால் இறந்தான். கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். மிச்சக் கோழிகளை விற்காதீர்கள். அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்போது, என்ன ஊசி போட்டீர்கள் என்று அவர் கேட்பார். தேதியை எழுதி வைத்த தாளைக் காட்டுங்கள்.