நேரத்தைக் குறித்து அனுப்பினால் போதுமா?

வீட்டில் புரொஜெக்டரும் ஏழெட்டு ஸ்பீக்கரும் வைத்துப் படம் பார்ப்பவர்கள் முழுப் படத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. "அந்த மழைச் சண்டையில் பின்பக்க ஸ்பீக்கரைக் கேட்டாயா?", "ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போகிறதா, பக்கத்தில் போகிறதா?" என்றுதான் பேச்சு ஓடும். பிடித்த காட்சிகளைக் குறித்துவைத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில் 'கலைடஸ்கேப்' என்றொரு சாதனம் இருக்கிறது. ஒரு படத்தைத் திறந்தால் அதன் முக்கியமான காட்சிகள் தனித்தனியாக வரிசை கட்டி நிற்கின்றன. இத்தனையையும் அவரே உட்கார்ந்து குறித்தாரா? (வாசகர், கோவை)

பதில்: மைத்துனர் பெரும்பாலும் விரலைக்கூட அசைத்திருக்க மாட்டார். கலைடஸ்கேப் 2001இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். அதன் பழைய சாதனத்தை வாங்கியவர் தன் டிவிடிகளை ஒரு முறை அதில் போட்டுப் பதிந்துவிட்டால், பிறகு டிஸ்க்கைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. அதன் விலையைக் கேட்டவர்கள் மயங்கி விழுந்த காலமும் உண்டு. ஆனால் அந்தச் சாதனத்தின் உண்மையான பெருமை பெட்டியில் இல்லை, அதன் பின்னால் இருந்த பட்டியலில்தான். உள்ளே போன டிஸ்க் எது என்று அடையாளம் கண்டதும் படத்தின் விவரங்கள் நிறுவனத்தின் தகவல் களஞ்சியத்திலிருந்து வந்து இறங்கும். விளம்பரம், எச்சரிக்கை அட்டை எல்லாம் தாண்டிப் படம் தொடங்கும் இடம், கடைசிப் பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கும் இடம், பேர்போன காட்சிகள், இசை நிகழ்ச்சி என்றால் ஒவ்வொரு பாட்டின் தொடக்கம் என்று ஆட்கள் பார்த்துக் குறித்துவைத்த குறிகள் அவை. பெயர்ப் பட்டியல் தொடங்கியதும் ஹாலில் விளக்கு மெல்ல எரியும்படி செய்வதும் அப்படியொரு குறிதான். வீட்டுக்காரர் தன் பங்குக்கும் காட்சிகளைக் குறித்துச் சேர்க்கலாம்.

இந்த நிறுவனம் பத்தாண்டு காலம் நீதிமன்றப் படியேறியது. டிவிடியைக் கணினி வட்டில் நகலெடுப்பது உரிம ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று, நகலெடுப்பைத் தடுக்கும் டிவிடி பூட்டுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு 2004இல் வழக்குப் போட்டது. 2007இல் கலைடஸ்கேப் ஜெயித்தது. 2009இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. 2012இல் தடையுத்தரவு வந்தது. 2014இல் சமரசம் ஆனது. பிறகு அது டிஸ்க்கை விட்டுவிட்டுப் படங்களைத் தரவிறக்கமாக விற்கும் வழிக்குப் போனது. இத்தனை ஆண்டு வழக்கிலும் சண்டை முழுவதும் படத்தை நகலெடுப்பதைச் சுற்றித்தான் நடந்தது. எந்த நிமிடத்தில் எந்தக் காட்சி என்ற பட்டியல் அங்கே யாருக்கும் பிரச்சினையாக இருக்கவில்லை.

கேள்வி: லண்டனிலிருக்கும் என் அண்ணன் ஒரு சண்டைக் காட்சியைப் பார்க்கச் சொல்லி '59ஆவது நிமிடம்' என்று எழுதினார். அதே படம்தான், என்னிடம் ப்ளூ-ரே, அவரிடம் டிவிடி. என் டிஸ்க்கில் அந்த இடத்தில் யாரோ காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டை ஏறக்குறைய மூன்று நிமிடம் கழித்து வருகிறது. யார் கடிகாரம் தப்பு? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டு கடிகாரமும் சரி. வேகம்தான் வேறு.

சினிமா விநாடிக்கு 24 படச்சட்டங்களாக எடுக்கப்படுகிறது. பிரிட்டனின் பழைய தொலைக்காட்சி முறையான 'பால்' விநாடிக்கு 25 சட்டங்கள் கேட்கும். அங்கே டிவிடி போட்டவர்கள் பெரும்பாலும் சுலபமான வழியை எடுத்துக்கொண்டார்கள்: படத்தையே நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓட்டிவிட்டார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் தனியாகச் சரிசெய்யாத டிஸ்க்குகளில் நடிகர்களின் குரலும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். சங்கீதக் காது உள்ளவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். ப்ளூ-ரேயில் படம் ஏறக்குறைய அதன் இயல்பான வேகத்திலேயே ஓடுகிறது. ஆகவே வித்தியாசம் படத்தின் தொடக்கத்தில் சில விநாடிகளாக இருந்து, போகப் போக நிமிடங்களாக வளரும். முதல் காட்சியில் ஒப்பிட்டுப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று நம்பி ஏமாறுவது இதனால்தான்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அண்ணனும் தம்பியும் படத்தில் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: முன்னால் ஒன்று, கடைசியில் ஒன்று. படத்தின் பெயர் திரையில் தோன்றும் கணமும், பெயர்ப் பட்டியலுக்கு முந்தைய கடைசி வெட்டும் நல்ல அடையாளங்கள். தம்பியின் டிஸ்க்கில் அவை 2 நிமிடத்திலும் 122 நிமிடத்திலும் வருகின்றன. அண்ணனுடையதில் 1 நிமிடம் 30 விநாடியிலும் 116 நிமிடம் 42 விநாடியிலும் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி இங்கே 120 நிமிடம், அங்கே 115 நிமிடம் 12 விநாடி. அண்ணன் சொன்ன இடம் 59 நிமிடம் 6 விநாடி என்றால், அவருடைய முதல் அடையாளத்திலிருந்து 57 நிமிடம் 36 விநாடி தள்ளி இருக்கிறது. அதை 120ஆல் பெருக்கி 115.2ஆல் வகுத்தால் 60 நிமிடம். தம்பியின் முதல் அடையாளமான 2 நிமிடத்தைக் கூட்டினால் 62. சண்டை அங்கே இருக்கும். இரண்டு அடையாளங்களை ஒரு முறை எடுத்துவைத்துவிட்டால் அந்தப் படத்தின் எல்லாக் காட்சிக்கும் இதே கணக்கு போதும்.

ஒரே வெட்டு, வேகம் மட்டும் வேறு என்றால்தான் இந்தக் கணக்கு நிற்கும். படமே வேறு பதிப்பு என்றால் கைவிரித்துவிடும். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் முதல் படம் 2001இல் திரையரங்கில் 178 நிமிடம் ஓடியது. பிறகு வந்த நீட்டித்த பதிப்பில் அரை மணி நேரம் கூடுதல். அந்தக் கூடுதல் ஒரே இடத்தில் இல்லாமல் படம் நெடுகத் தெளிக்கப்பட்டிருக்கிறது. 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்துக்கும் பல பதிப்புகள் உண்டு. கடைசியாக 2007இல் 'ஃபைனல் கட்' வந்தது. இந்தியப் படங்களில் இன்னொரு சிக்கல்: புகைபிடிக்கும் காட்சி உள்ள படங்களின் தொடக்கத்திலும் நடுவிலும் வைக்க வேண்டிய புகையிலை எச்சரிக்கைப் படங்கள். ஒருவர் பிரதியில் இவை ஒட்டியிருந்து மற்றவர் பிரதியில் இல்லை என்றால் இடைவேளைக்கு முன்பு ஒரு வித்தியாசம், பின்பு வேறு வித்தியாசம். அப்போது இடைவேளைக்கு அப்புறமும் ஓர் அடையாளம் எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஆக, காட்சியைக் குறித்து அனுப்புகிறவர் நேரத்தை மட்டும் எழுதினால் பாதி வேலைதான் செய்திருக்கிறார். எந்தப் பதிப்பு, எந்த நாட்டு டிஸ்க், படம் மொத்தம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற மூன்றும் கூடவே போக வேண்டும்.

கேள்வி: பெரிய சாதனம் வாங்க வசதியில்லை. கணினியை டிவியோடு இணைத்துத்தான் பார்க்கிறேன். நான் குறித்த காட்சிகளை நண்பருக்கு எப்படிக் கொடுப்பது? (வாசகர், மதுரை)

பதில்: காசில்லாமலே நடக்கும். விஎல்சி பிளேயரில் படம் ஓடும்போதே புக்மார்க் போடலாம். ஆனால் அதைப் பிளேலிஸ்ட்டாகச் சேமிக்காமல் பிளேயரை மூடினால் குறிகள் போய்விடும். இன்னும் உறுதியான வழி, நோட்பேடில் கையால் எழுதும் எம்3யு பிளேலிஸ்ட். ஒவ்வொரு காட்சிக்கும் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் விநாடிக் கணக்கில் எழுதி, அடுத்த வரியில் படக் கோப்பின் பெயரைப் போட வேண்டும். 62ஆவது நிமிடம் என்றால் 3720. ஒரே பட்டியலில் நாலைந்து படங்களின் காட்சிகளை அடுக்கி, விருந்தாளி வந்ததும் ஒரே மூச்சில் ஓட்டிக் காட்டலாம்.

'கோடி' என்ற இலவச மீடியா பிளேயரை வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி. அதில் சாதாரணமாகப் போடும் புக்மார்க் அந்தக் கணினியின் தரவுத்தளத்துக்குள்ளேயே கிடக்கும். எடுத்துக் கொடுப்பது தலைவலி. அதற்குப் பதிலாக, படம் இருக்கும் ஃபோல்டரிலேயே அதே பெயரில் இடிஎல் என்ற வகைக் கோப்பு ஒன்றை எழுதி வைக்கலாம். ஒரு வரிக்கு மூன்று எண்கள்: தொடக்கம், முடிவு, என்ன செய்ய வேண்டும் என்பதற்கான எண். காட்சிக் குறிக்கு 2. தவறிப்போய் 0 என்று எழுதிவிடக் கூடாது. அந்த எண்ணுக்கு 'வெட்டு' என்று அர்த்தம். நண்பர் ஆசையோடு போட்டுப் பார்க்கும்போது, நீங்கள் புகழ்ந்த காட்சியை மட்டும் தாண்டிப் படம் போய்க்கொண்டிருக்கும்.

இந்தக் கோப்புகள் சில வரி எழுத்துகள்தான். மின்னஞ்சலில் அனுப்பலாம், தாளில் எழுதிக்கூடக் கொடுக்கலாம். நண்பரிடமும் அதே படக் கோப்பு இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கேள்வி: இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? காட்சியை வெட்டி வாட்ஸப்பில் போட்டுவிட்டால் முடிந்தது அல்லவா? சட்டம் ஏதாவது சொல்கிறதா? (வாசகர், சேலம்)

பதில்: முதலில் சட்டத்தை விடுவோம். வாட்ஸப்பில் வீடியோவாகப் போன காட்சி சுருங்கிப் போய்விடும். சூழொலி தொலைந்து இரண்டு ஸ்பீக்கர் ஒலியாக நிற்கும். சப்வூஃபரின் உறுமலைக் காட்ட வேண்டும் என்று அனுப்பியது செல்போனில் கொசு ரீங்காரமாகக் கேட்கும். ஹோம் தியேட்டர்காரர்கள் வெட்டிய துண்டை விட நேரக் குறிப்பை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

சட்டத்துக்கு வந்தால், அமெரிக்காவில் இதே கேள்வி வேறு உருவத்தில் நீதிமன்றம் போயிருக்கிறது. அங்கே யூட்டா மாநிலத்தில், படங்களிலிருந்து வன்முறை, கெட்ட வார்த்தை, படுக்கையறைக் காட்சி ஆகியவற்றை நீக்கிக் குடும்பங்களுக்குத் தரும் தொழில் வளர்ந்தது. கிளீன்ஃபிளிக்ஸ் என்ற நிறுவனம் வெட்டிய படத்தையே புது டிஸ்க்கில் நகலெடுத்துக் கொடுத்தது. ஸ்டீவன் சோடர்பெர்க் உள்ளிட்ட இயக்குநர்களும் ஸ்டுடியோக்களும் எதிர்த்தார்கள்; 2006இல் கிளீன்ஃபிளிக்ஸ் தோற்றது. கிளியர்பிளே என்ற இன்னொரு நிறுவனம் படத்தைத் தொடவே இல்லை. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை தாண்ட வேண்டும் என்ற பட்டியலை மட்டும் விற்றது. வாங்கியவர் தன் சொந்த டிஸ்க்கைப் போடும்போது பிளேயர் அந்த இடங்களைத் தாண்டும். 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, வெட்டிய நிரந்தர நகல் உண்டாகாதவரை வீட்டுக்குள் இப்படிப் பார்ப்பதில் பதிப்புரிமை மீறல் இல்லை என்றது. பிறகு வந்த விட்ஏஞ்சல் என்ற நிறுவனம், டிஸ்க்கின் பூட்டைத் திறந்து படத்தைத் தன் சர்வரிலிருந்து ஓட்டியது. 2019இல் ஜூரி அது 6.24 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட உபயோகத்துக்கும் விமர்சனத்துக்கும் இடம் தருகிறது. 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஸ்க்கின் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கி, இரண்டாண்டு வரை சிறை என்கிறது. முந்நூறு பேர் உள்ள குழுவில் துண்டைப் போட்டுவிட்டு 'தனிப்பட்ட உபயோகம்' என்று வாதாடுவது கஷ்டம். '62ஆவது நிமிடம் பாருங்கள்' என்று எழுதுவதில் படத்தின் ஒரு படச்சட்டம்கூட நகலாவதில்லை.

ஸ்ட்ரீமிங் நிறுவனங்களும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. நெட்ஃபிளிக்ஸ் 2024 அக்டோபரில் செல்போன் செயலியில் 'மொமன்ட்ஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. காட்சியைக் குறித்து வைக்கலாம், அடுத்தவருக்கும் பகிரலாம். வீட்டுத் திரையரங்கம் வைத்திருப்பவருக்கு அது போதுமா என்றால், செல்போனில் குறிப்பதோடு நின்றுவிடுகிறதே என்ற குறை இருக்கும்.

கேள்வி: நண்பர் அனுப்பிய காட்சியைச் சரியான நேரத்தில்தான் போட்டேன். அவர் வர்ணித்த அதிர்ச்சி எதுவும் எனக்கு வரவில்லையே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: ஒலித்தடத்தைப் பாருங்கள். பல ப்ளூ-ரேக்களில் ஒரே படத்துக்கு மூன்று நான்கு ஒலித்தடங்கள் இருக்கும். நண்பர் டால்பி அட்மாஸில் கேட்டிருப்பார். இங்கே டப்பிங் தடமோ இரண்டு ஸ்பீக்கர் தடமோ ஓடியிருக்கும். அடுத்தது ஒலியளவு. 'மைனஸ் பத்தில் வைத்துக் கேள்' என்று அவர் எழுதியிருந்தால், இரண்டு ரிசீவரும் மைக் வைத்து அளவு சரிசெய்யப்பட்டிருந்தால் மட்டுமே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

அகலத்திரை வைத்திருப்பவருக்கு அனுப்பும்போது படச்சட்டத்தின் வடிவத்தையும் சொல்லிவிடுவது மரியாதை. 'தி டார்க் நைட்' ப்ளூ-ரேயில் ஐமாக்ஸில் எடுத்த காட்சிகள் வந்ததும் படம் மேலும் கீழும் விரியும். சினிமாஸ்கோப் திரை வைத்திருப்பவர் வீட்டில் அது சுவரில் வழியும்.

கேள்வி: ப்ளூ-ரே டிஸ்க்கிலேயே புக்மார்க் போடும் வசதி இருக்கிறதே, அதைப் பகிர முடியாதா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: ஒரு காலத்தில் அதற்கும் ஆசை காட்டினார்கள். 2008இல் 'பிடி-லைவ்' என்ற பெயரில் இணையத்தோடு பேசும் டிஸ்க்குகள் வந்தன. அதற்கான பிளேயரில் இணைய இணைப்பும் 1 ஜிபி நினைவகமும் இருக்க வேண்டும் என்பது விதி. டிஸ்க்கில் போடும் குறி அந்த பிளேயரின் நினைவகத்தில்தான் தங்கும். பிளேயரை மாற்றினால் குறியும் போச்சு. இணையம் வழியான வசதிகளோ நிறுவனத்தின் சர்வர் இருக்கும்வரைதான். சர்வர்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டதும் அந்தப் பொத்தான்கள் மெனுவில் சும்மா நிற்கின்றன. வாசகியின் பிளேயரில் இப்போது குறிகள் இருந்தால், அதை விற்பதற்கோ மென்பொருளைப் புதுப்பிப்பதற்கோ முன்பு நேரங்களைப் பதிப்பின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. டிஸ்க்கின் உறைக்குள்ளேயே ஒரு சீட்டாகச் செருகி வைத்தாலும் சரி. டிஸ்க்கை யாருக்காவது இரவல் கொடுத்தால் காட்சிப் பட்டியலும் கூடவே போய்ச் சேரும்.