வெளிக்காற்றில் குளிரும் படுக்கை: ஒரு முழுமையான வழிகாட்டி

மொட்டை மாடிக்கு நேர் கீழே படுக்கையறை அமைந்தவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் இரவு பதினொரு மணியும் பகலின் தொடர்ச்சிதான். நாள் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் நள்ளிரவைத் தாண்டியும் வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். சுவரைத் தொட்டால் சூடு, தலையணையைத் திருப்பிப் போட்டாலும் சூடு. ஆனால் அதே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பாருங்கள். அங்கே காற்று அறையைவிடக் குளிர்ந்திருக்கும். அந்தக் காற்றை நம் முதுகுவரை கொண்டு வந்து சேர்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

ஏசி முழு அறையையும் குளிர்விக்கிறது. சுவர், பீரோ, பரண்மேல் கிடக்கும் பெட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் மின்சாரம் செலவாகிறது. தூங்குகிறவருக்குத் தேவை ஆறடி நீளப் படுக்கை மட்டும் குளிர்வது. அதற்கு ஒரு சின்ன விசிறியும் நாலு இன்ச் குழாயும் கொஞ்சம் பொறுமையும் போதும். வாடகை வீட்டிலும் செய்யலாம், சுவரில் ஓட்டை போட வேண்டியதில்லை.

எவ்வளவு காற்று வேண்டும்?

தூங்கும்போது ஒருவர் உடல் ஏறக்குறைய 70 முதல் 80 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அது வெளியேறாமல் மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவே தங்குவதைத்தான் புழுக்கம் என்கிறோம். தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. வெளிக்காற்று 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அது உடலை ஒட்டிப் போகும்போது 5 டிகிரி சூடேறினால், 80 வாட்டையும் அள்ளிச் செல்ல வினாடிக்கு 13, 14 லிட்டர் காற்று போதும். விசிறிப் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் கணக்கில் இது சுமார் 28 சி.எஃப்.எம். கணினிக்குள் சுழலும் 120 மில்லிமீட்டர் விசிறியே தடையில்லாமல் ஓடினால் இதைவிட அதிகம் தரும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் உடனே கேட்பது, “வெளிக்காற்றே பிசுபிசுவென்று இருக்கிறதே, அதைப் படுக்கைக்குள் விட்டால் இன்னும் நசநசக்காதா?” என்பது. நியாயமான கேள்வி. 28 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று உடலருகே 33 டிகிரிக்குச் சூடேறியதும் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதமாக இறங்கிவிடும். காற்றில் உள்ள நீரின் அளவு மாறவில்லை, ஆனால் சூடான காற்றால் இன்னும் நீரை ஏற்க முடியும். அதனால் வியர்வை ஆவியாக இடம் இருக்கிறது. மணிக்கு 30 மில்லி வியர்வை ஆவியானாலே 20 வாட் வெப்பம் போய்விடும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் நாகையிலும் இந்த முறை பலிப்பது இதனால்தான். ஒரே நிபந்தனை, காற்று நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

படி 1: அளந்து பாருங்கள்

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்றை ஜன்னலுக்கு வெளியே, சுவரில் ஒட்டாமல் தொங்கவிடுங்கள். வெயில்பட்ட சுவரோடு ஒட்டியிருந்தால் அது சுவரின் சூட்டைத்தான் காட்டும். இன்னொன்று கட்டில் உயரத்தில் அறைக்குள் இருக்கட்டும். மாலை ஆறு மணியிலிருந்து மணிக்கொரு முறை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளி எண் உள் எண்ணுக்குக் கீழே இறங்கும் நேரம் ஒன்று வரும். ஜன்னலைத் திறக்கவேண்டியது அப்போதுதான், அதற்கு முன்னால் அல்ல. சூரியன் சாய்ந்துவிட்டது என்று ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் திறந்துவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உள்நாட்டு ஊர்களில் அந்த நேரத்தில் வெளியே அனல்தான் இருக்கும். கடலோரத்தில் கதை வேறு, கடற்காற்று நுழைந்துவிட்டால் பிற்பகலிலேயே வெளிக்காற்று தோதாகிவிடும்.

ஊருக்கு ஊர் கிடைக்கும் பலனும் மாறும். சென்னையில் மே மாத இரவின் குறைந்தபட்ச வெப்பம் சராசரியாக 28 டிகிரியை ஒட்டி நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் கோவையில் அது 24 டிகிரியை ஒட்டி இறங்கும். கோவைக்காரருக்கு ஜன்னலை முறையாகத் திறந்தாலே பாதி வேலை முடிந்தது. சென்னைக்காரர் குழாய்வரை போகவேண்டி வரும்.

ஓர் இரவு மட்டும் அந்த உள்மீட்டரைப் போர்வைக்குள் இடுப்பருகே வைத்துக்கொண்டு படுங்கள். உடலுக்கும் துணிக்கும் நடுவே உள்ள காற்று 32 முதல் 34 டிகிரிக்குள்ளும், ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் உடல் நிம்மதியாக உணரும். விழிப்பு வரும்போது எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் எல்லை தாண்டியிருக்கும்.

படி 2: மெத்தைக்குக் கீழே வழிவிடுங்கள்

விசிறி வாங்கும் முன் செய்யவேண்டிய வேலை இது. பலரும் இதைத் தாவிவிட்டு விசிறியில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

கயிற்றுக் கட்டிலில் வேப்பமரத்தடியில் படுத்தவர்களுக்குத் தெரியும், அங்கே காற்று மேலிருந்து மட்டும் வருவதில்லை. கயிற்றின் கண்கள் வழியே கீழிருந்தும் வந்து முதுகைத் தொடும். இன்றைய பெட்டிக் கட்டிலில் அந்த வழி முழுதாக அடைபட்டிருக்கிறது: கீழே சாமான் அடைத்த அறைகள், அதன்மேல் கனத்த பிளைவுட், அதன்மேல் ஃபோம் மெத்தை. முதுகின் சூடு போக இடமே இல்லை.

கட்டிலை மாற்ற முடியாவிட்டாலும் பலகையை மாற்றலாம். தச்சரிடம் சொல்லி முழு பிளைவுட்டுக்குப் பதிலாக ரீப்பர் கட்டைகளை இரண்டிரண்டு அங்குல இடைவெளியில் அடிக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால் பிளைவுட்டில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக ஓர் அங்குலத் துளைகள் போடலாம். கீழே இருக்கும் பெட்டிகளை எடுத்துவிட்டு, தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாணுக்குக் குறையாமல் காலி இடம் விடுங்கள்.

மெத்தையில் என் தேர்வு தென்னை நார் மெத்தை. நார்களுக்கு நடுவே காற்று போகும், ஈரம் தங்காது. இலவம் பஞ்சு மெத்தையும் நல்லதே, வெயிலில் போட்டுத் தட்டி எடுக்கச் சோம்பாதவர்களுக்கு. உடம்பு பதிந்த வடிவிலேயே அமுங்கும் மெமரி ஃபோம் வெக்கை ஊருக்கு ஏற்றதல்ல. அது உடலைச் சுற்றி வளைத்துக்கொள்வதால் காற்று படும் தோலின் பரப்பு குறைகிறது. வாங்கிவிட்டவர்கள் அதன்மேல் ஒரு கோரைப்பாயை விரித்து, அதற்கு மேல் பருத்தி விரிப்பைப் போடுங்கள். கோரைத்தண்டுகளின் மேடு பள்ளத்தில் காற்று நுழைய மெல்லிய சந்துகள் கிடைக்கும். ரெக்சின் உறையோ பிளாஸ்டிக் கவரோ மெத்தைமேல் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.

படி 3: ஜன்னலில் காற்றின் திசை

ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் கம்பியருகே பிடியுங்கள். புகை உள்ளே சாய்கிறதா, வெளியே போகிறதா, நேராக மேலே எழுகிறதா என்று பாருங்கள். பிறகு அறைக்கதவைத் திறந்து வைத்து மறுபடி பாருங்கள். நேராக எழுந்த புகை கதவு திறந்ததும் சட்டென்று உள்ளே வளைந்தால், உங்கள் அறைக்கு வேண்டியது விசிறியல்ல, காற்று வெளியேற ஒரு வழி. எதிர்ப்பக்க ஜன்னலையோ ஹால் ஜன்னலையோ திறந்து வைத்தாலே போதும்.

இயற்கைக் காற்று போதாத வீட்டில் விசிறியை இரண்டு விதமாக வைக்கலாம். முன்னிரவில், சுவரும் தளமும் கொதிக்கும்போது, எதிர்ப்பக்க ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளிப்புறம் பார்த்து வைத்து அறைக்காற்றைத் தள்ளிவிடுங்கள். கட்டிலருகே உள்ள ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று தானாக நுழையும். இந்த முறையில் அறை நன்றாக ஆறும், ஆனால் உடல்மேல் காற்று வீசுவது தெரியாது. படுக்கும் நேரம் வந்ததும் விசிறியைக் கட்டிலருகே ஜன்னலுக்குக் கொண்டுவந்து, உட்புறம் பார்த்து, மெத்தையின் மட்டத்துக்கு வீசும்படி வையுங்கள்.

கடைசி மாடியில் இருப்பவர்கள் சீலிங் ஃபேனைக் குறைத்துக்கொள்வது நல்லது. தளத்துக்கு அடியில் தேங்கிய சூடான காற்றைத்தான் அது படுக்கைமேல் இறக்குகிறது.

கொசுவலை காற்றின் வேகத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும். அதற்காக வலையில்லாமல் படுக்கச் சொல்லமாட்டேன். டெங்கு பரவும் ஊர்களில் அது வேண்டாத துணிச்சல். வலையை ஜன்னலில் அடித்துவிட்டால் கட்டிலைச் சுற்றி வலை கட்டத் தேவையிருக்காது. மாதமொருமுறை அந்த வலையைக் கழுவுங்கள், தூசி அடைத்த வலையில் காற்று பாதிகூட நுழையாது.

படி 4: குழாய் வழியே போர்வைக்குள்

இதுவரை சொன்னதிலேயே தூக்கம் வந்துவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வராதவர்களுக்கு இந்தப் படி.

ஜன்னலின் ஒரு கதவு அளவுக்கு சன்போர்டு வெட்டி, நடுவே நாலு இன்ச் வட்டம் போடுங்கள். வெளிப்புறம் கம்பிவலை ஒட்டுங்கள், பல்லியும் பூச்சியும் குழாய்க்குள் குடிவராது. ஓரங்களில் ஃபோம் டேப் ஒட்டிச் சந்துகளை அடையுங்கள். சந்து இருந்தால் வெளிக்காற்றுக்குப் பதிலாக அறையின் வெக்கையே திரும்பத் திரும்பச் சுற்றும்.

குழாய்க்கு பிளம்பிங் கடையின் நாலு இன்ச் பிவிசி பைப்பே நல்லது. சமையலறைச் சிம்னிக்குப் போடும் மடிப்புக் குழாய் வளைக்க எளிது, ஆனால் உள்ளே மடிப்பு மடிப்பாக இருப்பதால் காற்றுக்குத் தடை அதிகம். நேர்வழிக்கு பிவிசி, வளைவில் மட்டும் மடிப்புக் குழாய் என்று சேர்க்கலாம். நீளம் குறைய, வளைவு குறையப் பலன் கூடும்.

விசிறி ஜன்னல் முனையில்தான் இருக்கவேண்டும், கட்டில் முனையில் அல்ல. சத்தம் தள்ளிப்போகும், மின்சாரமும் படுக்கைக்கு அருகில் வராது. தொடக்கத்துக்கு 12 வோல்ட் கணினி விசிறி, அதற்கேற்ற அடாப்டர். குழாயும் துணியும் தடுப்பதால் பெட்டியில் எழுதிய காற்றில் பாதி கிடைத்தாலே பெரிது. அது போதவில்லை என்றால் அதே அளவில் ப்ளோயர் வகை வாங்குங்கள், தடையை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் அதில் அதிகம்.

கால்மாட்டில் குழாய் முடியும் இடத்தில் தட்டையான வாய் வேண்டும். முதலில் அட்டைப்பெட்டியில் செய்து பாருங்கள்: இரண்டடி அகலம், இரண்டு அங்குல உயரம். வாய் அகலமாக இருப்பதால் காற்று வேகமாகப் பீறிடாமல், வினாடிக்கு அரை மீட்டருக்கும் குறைவாக மெல்ல ஊர்ந்து வரும். இந்த வாயை விரிப்புக்கும் போர்வைக்கும் நடுவே செருகி, போர்வையின் கால்மாட்டையும் இரு ஓரங்களையும் மெத்தைக்கடியில் மடித்துவிடுங்கள். தோள்பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். காற்று காலில் நுழைந்து முழு உடலையும் தடவிக்கொண்டு கழுத்தருகே வெளியேறும்.

மேலே போர்த்தும் துணி நெருக்கமாக நெய்ததாக இருக்கவேண்டும். சல்லடை போன்ற மெல்லிய துண்டைப் போர்த்தினால் காற்று முழங்காலைத் தாண்டும் முன்பே துணி வழியே கசிந்துவிடும். நெருக்க நெசவுப் பருத்தி பெட்ஷீட் லேசாக உப்பி நிற்கும்; அந்த உப்பல் தெரிந்தால் அமைப்பு சரி.

படி 5: பின்னிரவுக்குக் குறையுங்கள்

உடலின் உள்வெப்பம் வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு மிகக் கீழே இறங்கும். வெளிக்காற்றும் விடியும்வரை குளிர்ந்துகொண்டே போகும். பதினொரு மணிக்கு இதமாக இருந்த அதே காற்று நாலு மணிக்குக் கால் விறைக்க வைக்கும். விசிறிக்கு வேகக் கட்டுப்பாடு அவசியம் என்பது இதனால்தான். 12 வோல்ட் விசிறிக்கான சின்ன ரெகுலேட்டர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். டைமர் ப்ளக் ஒன்றும் சேர்த்துக்கொண்டால் மூன்று மணிக்குத் தானே நின்றுவிடும். இருவர் படுக்கும் கட்டிலில் வாயை ஒருவர் பக்கம் மட்டும் வைத்து, இருவருக்கும் தனித்தனிப் போர்வை போடுங்கள். ஒருவருக்கு வேர்க்கும்போது மற்றவர் இழுத்துப் போர்த்துவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

எப்போது வேண்டாம்

கைக்குழந்தை படுக்கும் இடத்தில் போர்வைக்குள் குழாய் கூடவே கூடாது. குழந்தைக்குப் படி 2, படி 3 போதும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யட்டும். குளிர்ந்தது தெரியாமலே கால் குளிர்ந்துவிடும்.

குப்பை எரிக்கும் நேரம், தெருவில் ஜெனரேட்டர் ஓடும் மின்தடை இரவு ஆகியவற்றில் குழாயை மூடிவிடுங்கள். செப்டிக் டாங்க் காற்றுக்குழாயும் பக்கத்து வீட்டு எக்ஸாஸ்டும் இல்லாத ஜன்னலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பகலில் வெளிக்காற்று 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடலைக் குளிர்விக்காது, மேலும் சூடேற்றும். அப்போது ஜன்னலை அடைத்து, திரையை இழுத்துவிட்டு, ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

காலையும் மழைக்காலமும்

எழுந்தவுடன் படுக்கையை மடித்து விரிப்பை இழுத்துப் பளிச்சென்று வைக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். இரவு முழுக்க உடல் விட்ட ஈரம் துணியில் இருக்கிறது. போர்வையை மடித்துக் கால்மாட்டில் போட்டு, குழாய் விசிறியை அரை மணி ஓடவிட்டால் மெத்தை உலர்ந்துவிடும். தூசிப் பூச்சிகள் ஈரப்பதத்தில்தான் பெருகும் என்பதால், மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் இந்த அரை மணி நேரத்தை விடக்கூடாது. எட்டு மணியளவில் வெளி எண் உள் எண்ணைத் தாண்டப் போவது மீட்டரில் தெரியும். அதற்கு முன் ஜன்னலையும் குழாயையும் மூடிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காலை உலர்த்தலை நிறுத்திவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆளில்லாத குளிர்ந்த மெத்தைக்குள் மழைக்காற்றைச் செலுத்தினால் அதைச் சூடேற்ற உடல் அங்கே இல்லை. ஈரம் மெத்தையிலேயே தங்கி, பத்து நாளில் அடிப்பக்கம் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பூக்கும். அந்த மாதங்களில் சன்போர்டைக் கழற்றி, குழாயைக் கழுவி நிழலில் காயவைத்து, இரு முனையிலும் துணி கட்டிப் பரணில் போடுங்கள். மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் நாட்களில் மெத்தையை மாடியில் சாய்த்து நிறுத்தி, இரு பக்கமும் மாறி மாறி உலரவிடுங்கள். குழாயை மறுபடி மாட்டும் வேலை மாசி முடியும்போது இருந்தால் போதும்.