உரிமம் பெற்ற பின்னும் பயிற்சி

நுழையும்முன்

பள்ளிக்குப் பேருந்தில் வருவோர் உங்களுள் பலர். பேருந்து வரத் தாமதமானால் குறை கூறுகிறோம். நேரத்திற்கு வந்துவிட்டால் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை இயக்குவோர் எவற்றையெல்லாம் கற்றிருக்க வேண்டும், எப்போது கற்க வேண்டும் என்பன பற்றி இப்பாடம் பேசுகிறது.

தமிழ்நாட்டில் 1972ஆம் ஆண்டில் தனியார் பேருந்துகள் பல அரசுடைமையாயின. சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் எனப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. வண்டிகளை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அவற்றைத் திறம்பட இயக்குவோரை அவ்வாறு வாங்க இயலாது. பின்னர்ச் சாலைப் போக்குவரத்து நிறுவனம் உருவாக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டியில் அது நடத்தும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, கனரக ஊர்தி ஓட்டக் கற்போர் பலரும் அறிந்த இடமாகும்.

சட்டம் கேட்பதும் சாலை கேட்பதும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பேருந்து ஓட்ட விரும்புபவர் 20 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். இலகுரக ஊர்தி ஓட்டும் உரிமத்தை அதற்கு முன்பே ஓராண்டேனும் பெற்றிருத்தலும் வேண்டும். இவை தொடக்கநிலைத் தகுதிகளே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. இடரைக் கண்டு, கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு நொடி ஆகிவிட்டால், அதற்குள் பேருந்து தன் நீளத்தைவிட மிகுதியான தொலைவை ஓடிவிடும். உரிமத் தேர்வு நடக்கும் திடலில் இதனை உணர வாய்ப்பில்லை.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சமவெளியில் இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டியவரும் இங்குப் புதிய மாணவரே. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால், உராய்வால் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்புத் தளரும். பின்பு எவ்வளவு மிதித்தாலும் வண்டி எளிதில் நிற்காது. ஆகவே, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநரின் அரிச்சுவடி. தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வளைவில் பின்சக்கரம், முன்சக்கரம் சென்ற தடத்தில் வராமல் உட்புறமாக ஒதுங்கி வரும். அதனைக் கணிக்காமல் திருப்பினால் உட்புறத் தடுப்புச்சுவரில் உரசல் உறுதி. எதிரே ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்டதை மீண்டும் நகர்த்துவது அரிது. இவற்றைப் பெரும்பாலும் மூத்த ஓட்டுநர்களே அருகிலிருந்து சொல்லிக் கொடுக்கின்றனர். அவர்கள் ஓய்வுபெறும்போது அவ்வறிவும் அவர்களோடு போய்விடாமல் எழுதி வைப்பார் வேண்டும்.

ஓசை குறைந்த ஊர்தி

சென்னையில் 2025ஆம் ஆண்டு வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து தாழ்தள மின்பேருந்துகள் இயங்கத் தொடங்கின. டீசல் வண்டியில் பழகிய கால் இங்குச் சிலவற்றை மறக்கவும் வேண்டும். முடுக்கியை அழுத்திய உடனே முழு இழுவிசை கிடைப்பதால், சற்று அழுத்தினாலும் நின்றுகொண்டிருக்கும் முதியவர் தடுமாறுவார். முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்கலத்திற்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்; வண்டியும் வேகம் குறையும். இரைச்சல் குறைவாதலால், சாலையைக் கடப்போர் வண்டி வருவதை அறியாதிருக்கக்கூடும். பணிமனையில் ஓசையைக் கேட்டே எஞ்சின் பழுதைச் சொல்லிவந்த தொழில்நுட்பருக்கோ இது வேறோர் உலகம். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பியைத் தொடும் முன் மின்னிணைப்பைத் துண்டிக்கும் முறையை அவர் அறியாவிடில், இழப்பது உயிராகவும் இருக்கலாம்.

நடத்துநரின் கல்வி

ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும். இரண்டு விசிலுக்குப் புறப்படும். நடத்துநரின் பணி இவ்வளவே என எண்ணுவோர் உண்டு. படியில் கால் வைத்தவர் முழுமையாக ஏறிவிட்டாரா என்பதைப் பார்த்த பிறகே அந்த இரண்டாம் விசில் ஒலிக்க வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அவர்களுக்குச் சீட்டு வழங்கும்போது சொல்லிலும் முகக்குறிப்பிலும் வேறுபாடு தோன்றலாகாது. அது சலுகை பெறுவோர் மீது காட்டும் இரக்கமன்று, பயணியின் உரிமை. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளத்தை விரித்தல், மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி அளித்தல் ஆகியவற்றைச் செய்து பார்த்தே பழக வேண்டும்.

குமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநராகப் பணியேற்றார். அதன் பிறகும் ஓட்டுநர் இருக்கையில் பெண்களை அரிதாகவே காண்கிறோம். பயிற்சிப் பள்ளியில் இடம் கொடுத்தால் மட்டும் போதாது. பணிமனையில் பெண்களுக்குக் கழிப்பறையும் ஓய்வறையும் வேண்டும்.

பயிற்சிக்குரிய நாள்

பயிற்சியின் தேவையை எவரும் மறுப்பதில்லை; தடையாக நிற்பது நாள்கணக்கு. மாற்று ஓட்டுநர் இல்லாத பணிமனையில் ஒருவரை வகுப்பிற்கு அனுப்பினால் ஒரு பேருந்து நின்றுவிடும். நின்ற பேருந்து ஏட்டில் உடனே தெரியும். தவிர்க்கப்பட்ட விபத்து எந்த ஏட்டிலும் ஏறாது. வார ஓய்வு நாளில் பயிற்சி வைப்பது எளிய வழிபோலத் தோன்றும். ஆனால், 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது களைப்பை அறிந்துதான். களைத்த ஓட்டுநரை வகுப்பில் அமர்த்தினால் அவர் உறங்குவார். எனவே, ஒரு பணிமனைக்கு எத்தனை ஓட்டுநர் தேவை எனக் கணக்கிடும்போதே, விடுப்பு நாள்களோடு பயிற்சி நாள்களையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும்.