ஆவடியிலிருந்து முட்டுக்காடு: படகேறும் முன்

ஞாயிறன்று கிண்டி வழியாகச் சுற்ற வேண்டாம். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று போனால் நகர நெரிசலில் சிக்க மாட்டீர்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் காலையிலேயே டிக்கெட் வாங்கிவிடுங்கள். பகல் ஏறினால் கூட்டமும் கூடும், கடற்காற்றும் வலுக்கும்.

லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கிக் கட்டுங்கள். பெரியவர்களே பலர் தளரவிட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். தண்ணீரில் விழுந்தால் அது கழுத்துக்கு மேல் ஏறிவிடும், ஆளைத் தாங்காது. விளிம்பை மிதிக்காமல், படகின் நடுவில் கால்வைத்து ஒவ்வொருவராக ஏறுங்கள். திரும்பித் துறையை நெருங்கும்போது பிள்ளைகளின் கை வெளியே நீண்டிருந்தால் விரல் நசுங்கும். செல்ஃபிக்காக எழுந்து நிற்க யாரையும் விடாதீர்கள்.