ரேடாருக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை

ரேடார்னு சொன்னதும் சுத்திக்கிட்டே இருக்கிற பெரிய தட்டுதான் ஞாபகம் வரும். அது ரேடியோ அலையை அனுப்புகிறது. அலை விமானத்தில் பட்டுத் திரும்புகிறது. போய்வர ஆன நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். 150 கி.மீ. தூரத்தில் விமானம் இருந்தால், அலை போய்த் திரும்ப ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்!

சரி, ஒரு ராணுவ ரேடார் நல்லா வேலை செய்யுமான்னு எப்படித் தெரிந்துகொள்வது?

ஏன் கஷ்டம்?

தூரம் 2 மடங்கானால் திரும்பி வரும் அலையின் பலம் பாதியாகாது. 16-இல் ஒரு பங்காகிவிடும்! அதோடு மழை, மலை, மின் இரைச்சல் எல்லாம் குறுக்கே வரும். ஒவ்வொரு நிலைமைக்கும் விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தால் செலவு தாங்குமா? அதனால்தான் ரேடார், விமானம், மலை, மழை எல்லாவற்றையும் எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். இதுதான் சிமுலேஷன்.

நம்ம கரிசல் காட்டில் ஒரு கணக்கு

கோவில்பட்டியில் 10 மீட்டர் உயரத்தில் ஒரு ரேடார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிலம் தட்டையாகத் தெரிந்தாலும் பூமி உருண்டை. அதனால் தாழப் பறக்கும் விமானம் தூரத்தில் தெரியாது. ரேடாரின் உயரம், விமானத்தின் உயரம் இரண்டுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள். உயரம் மீட்டரில் இருந்தால் விடை கிலோமீட்டரில் வரும்.

விமானம் 100 மீட்டர் உயரத்தில் வந்தால்: 54 கி.மீ. (ஏறக்குறைய திருநெல்வேலி தூரம்)
30 மீட்டர் உயரத்தில் வந்தால்: 36 கி.மீ.

மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால், முதல் விமானம் வந்துசேர 3½ நிமிடம். இரண்டாவதுக்கு 2½ நிமிடம்கூட இல்லை! அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் பதுங்கிப் பிழைக்கலாம், யோசிச்சுப் பாருங்க. நடுவில் குருமலை மாதிரி மலை இருந்தால் நேரம் இன்னும் குறையும்.

கட்டையை உருட்டிப் பாருங்கள்

ரேடார் ஒவ்வொரு சுற்றிலும் விமானத்தைக் கட்டாயம் பிடித்துவிடாது. லூடோ கட்டையை எடுங்கள். 5 அல்லது 6 விழுந்தால் 'பிடிச்சாச்சு'. மூன்று முறை உருட்டுவது ஒரு ஆட்டம். 100 ஆட்டம் ஆடினால் சுமார் 70 ஆட்டத்தில் ஒரு முறையாவது பிடிபடும். கம்ப்யூட்டர் இதையே ஆயிரக்கணக்கான முறை செய்கிறது. இதற்கு 'மாண்டி கார்லோ முறை' என்று பெயர். 1940-களில் அமெரிக்காவில் உலாம், வான் நியூமன் என்ற கணித மேதைகள் உருவாக்கியது.

நம் நாட்டில்

1983-இல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தை வழிநடத்தியவர் நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அதில் ஒன்று 'ஆகாஷ்'. அதற்குக் கண்ணாக இருப்பது 'ராஜேந்திரா' ரேடார். பெங்களூரிலுள்ள எல்.ஆர்.டி.இ. ஆய்வகம் உருவாக்கியது. ஒடிசாவின் சாந்திப்பூரில் பலமுறை ஏவிச் சோதித்த பிறகே, 2015-இல் ஆகாஷ் ராணுவத்தில் சேர்ந்தது.

கம்ப்யூட்டர் இருக்கும்போது நேரில் சோதனை எதுக்கு? மலை உயரத்தைத் தப்பாகக் கொடுத்தால் கம்ப்யூட்டர் தப்பான விடையைத்தான் அழகாக அச்சடித்துத் தரும்! அதனால் நிஜ விமானத்தைச் சில முறை பறக்கவிட்டு, இரண்டு விடையும் ஒத்துப்போகுதான்னு பார்க்கிறார்கள். ஒத்துப்போனால்தான் பாஸ்.

உங்களுக்கு ஒரு கேள்வி: ரேடாரை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால், 30 மீட்டரில் வரும் விமானம் எத்தனை கி.மீ. தூரத்தில் தெரியும்? போட்டுப் பாருங்க!

(விடை: சுமார் 49 கி.மீ.)